மேலே வைத்த தாள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு புது வியாதி பிடித்திருக்கிறது. எதைச் செய்தாலும், செய்து முடித்த கையோடு "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதைக் கண்டாலே உக்கிரபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் கண்ணைக் காட்டப் போன இடத்தில், இரண்டு கண்ணிலும் மருந்தை ஊற்றி உலகமே கலங்கலாகத் தெரிகிற நேரம் பார்த்து, ஒரு பெண்பிள்ளை வந்து சிரிக்கிற மூஞ்சிக்கு டிக் போடுகிறீர்களா, அழுகிற மூஞ்சிக்கு டிக் போடுகிறீர்களா என்று கேட்டது. சிலிண்டர் வந்து இறங்கின மறுநிமிடம் போனில் ஒருத்தி கேட்கிறாள். உரம் வாங்குகிற கடையில் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது. உங்கள் கருத்தை இதில் போடுங்கள் என்று எழுதி, பூட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டை யாரும் திறந்து அவர் பார்த்ததில்லை. பெட்டியின் வாய் வழியாக ஒரு பல்லிதான் போய் வந்துகொண்டிருந்தது.

"நல்லா இல்லைன்னா நான் வந்து சத்தம் போட மாட்டேனா பாய்?" என்றார் அவர். "இவங்களா வந்து எதுக்குக் கேக்குறாங்க? கேக்குறவன் ஒருத்தனும் திருத்துறவன் இல்ல."

"சரிதாண்ணே" என்றார் வாவு முகம்மது. ராமநாதபுரத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். அவரும் உக்கிரபாண்டியும் நாற்பது வருடமாக ஒருவரை ஒருவர் நம்பாமல் வியாபாரம் செய்கிறவர்கள்.

அன்று காலை தன் ஊரான சிக்கலில் இருந்து ஆறு மூட்டை குண்டு வத்தல் கொண்டுவந்து இறக்கியிருந்தார் உக்கிரபாண்டி. மூட்டையின் வாய் திறந்துதான் இருந்தது. வெயிலில் பளபளவென்று செக்கச் செவேலென்று கிடந்தது வத்தல். அதை வாவு முகம்மது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து மூட்டையின் அடித் தையலில் இரண்டு இழையைப் பிரித்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அதில் பாதி வெளிறிப்போன சண்டு, கழித்துப் போட வேண்டிய வத்தல்.

"பாண்டிண்ணே, மேல பாத்தா கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்கு. அடியில கைய விட்டா மாமியாக்காரி கையப் பிடிச்சு இழுக்குறா."

"எல்லாம் ஒரே செடியில காய்ச்சதுதான் பாய்."

"காய்ச்சது ஒரே செடிதாண்ணே. அடுக்குனது நீங்கல்ல?"

இதில் இருவருக்கும் வருத்தம் கிடையாது. விற்கிறவன் நல்லதை மேலே வைப்பான். வாங்குகிறவன் அடியில் எடுப்பான். மண்டியில் மேல் வத்தலைத் தொட்டுப் பார்த்து விலை சொன்ன ஒருவனை உக்கிரபாண்டி தன் ஆயுளில் கண்டதில்லை. மேலே இருப்பது காட்டுவதற்கு. அடியில் இருப்பதுதான் சரக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அவருக்கு இது ஒன்றுதான் சந்தேகமில்லாமல் தெரிந்த பாடம்.

விலை படிவதற்குள் போன் வந்தது. மகள் படிக்கிற எஞ்சினியரிங் காலேஜிலிருந்து.

"முருகலட்சுமியோட அப்பாவா? நான் சிவில் துறைத் தலைவர் தர்மராஜ் பேசுறேன். உடனே புறப்பட்டு வாங்க. மத்தியானம் ஆய்வுக் குழு வருது. அதுக்குள்ள உங்க பொண்ணுகிட்ட நீங்க பேசணும்."

"எம் புள்ளைக்கு என்ன?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. எழுதி வச்சிருக்கு. வாங்க, சொல்றேன்."

*

காலேஜ் ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் கருவேலங்காடு, நடுவில் நான்கு மாடி. வாசலில் வாழைமரம் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு ஆள் பூந்தொட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து தூக்கி இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். 'மேல் வத்தல் அடுக்குறாங்க' என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார் உக்கிரபாண்டி.

தர்மராஜுக்கு நாற்பது வயது இருக்கும். தூங்காத கண். மேசையில் ஒரு கட்டுத் தாள்.

"பெரியவரே, சுருக்கமாச் சொல்லிடுறேன். முன்னெல்லாம் கட்டடம், மார்க்கு, எத்தனை பேர் பாஸு, இதைப் பாத்து படிப்பை எடைபோட்டாங்க. இந்தத் தடவை படிச்ச பிள்ளைங்களையே எழுதச் சொல்லி அதை வச்சுப் பாக்குறாங்க. நாலு வருசத்துல என்ன கத்துக்கிட்டேன், என்ன கத்துக்கல, தன் வார்த்தையில எழுதணும். தமிழ்லயும் எழுதலாம்னுட்டாங்க. ரிஃப்ளெக்‌ஷன்னு பேரு. அம்பத்தெட்டுப் பிள்ளைங்க. அம்பத்தேழு நல்லபடியா எழுதியிருக்கு."

"மிச்சம் ஒண்ணு எம் புள்ளையா?"

தர்மராஜ் ஒரு தாளை எடுத்து நீட்டினார். முருகலட்சுமியின் எழுத்து. ரேஷன் கடை மனுவிலிருந்து பட்டா விண்ணப்பம் வரைக்கும் வீட்டில் அவள்தான் எழுதுவாள். அந்தக் குண்டு குண்டான எழுத்தை உக்கிரபாண்டி எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'எங்களுக்கு கான்கிரீட் லேப் இரண்டு பருவம் இருந்தது. கான்கிரீட் கட்டையை மெஷினில் அழுத்தி உடைத்து, அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். மெஷின் பழுது. அதனால் நாங்கள் ஒரு கட்டையைக்கூட உடைக்கவில்லை. மூத்த மாணவர்களின் ரெக்கார்டைப் பார்த்து எண்களை எழுதினோம். அவர்கள் தங்களுக்கு மூத்தவர்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

'டிசம்பரில் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் கட்டுகிற இடத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். சன்ஷேடுக்குக் கொடுத்திருந்த முட்டுக் கம்புகளைப் பிரிக்கலாமா என்று கொத்தனார் என்னிடம் கேட்டார். கான்கிரீட் போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. என் ரெக்கார்டில் இருந்த எண்ணை நினைத்துப் பார்த்துவிட்டு, பிரிக்கலாம் என்றேன். சன்ஷேடு விழுந்துவிட்டது. கீழே நின்ற சித்தாள் கனகலட்சுமி அக்காவின் வலது கால் நசுங்கியது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

'இந்தப் படிப்பில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்களைச் சந்தேகப்படாமல் எழுதக் கற்றுக்கொண்டேன்.'

உக்கிரபாண்டி படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்த பிறகும் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தவள் நான்கு நாள் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் என்றாள். பயிற்சி என்று இராமேஸ்வரம் கடற்கரையில் அலைந்த பிள்ளை, எதையோ பார்த்துப் பயந்திருக்கும் என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு வாங்கிக் கட்டினார். கயிற்றைக் கட்டும்போது அவள் அழுதாள். கை வலிக்கிறது போல என்று நினைத்து முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"மெஷினுக்கு நாலு வருசமா நானும் எழுதிட்டுத்தான் இருக்கேன்" என்றார் தர்மராஜ். "மேல கேக்க மாட்டேங்குறாங்க. அதை விடுங்க. இந்தத் தாள் அவங்க கையில சிக்குச்சுன்னா படிப்புக்கு அங்கீகாரம் போகும். அது என் கஷ்டம். உங்க கஷ்டத்தைச் சொல்றேன். ரெக்கார்டைப் பாத்து எழுதினேன்னு அவளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. நாளைக்கு ஒருத்தன் விசாரிக்கச் சொன்னா லேப் மார்க்கு நிக்காது. மார்க்கு நிக்கலைன்னா டிகிரி நிக்காது. அந்தச் சித்தாளு கால் நசுங்குனது தனி."

"கேசு வருமா?"

"வராதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

*

முருகலட்சுமியைக் கூப்பிட்டு விட்டார்கள். தகப்பனைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"படிச்சீகளாய்யா?"

"படிச்சேன். யாரு ஒன்னையத் தூண்டி விட்டது?"

"யாருமில்ல."

"யாருமில்லாம ஒருத்தி தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிருவாளா? எவனோ ஒன்னைய வச்சு இந்த வாத்தியாரக் கவுக்கப் பாக்குறான். சொல்லு, எவன்?"

"அய்யா, கேட்டாக, எழுதுனேன்."

"கேட்டா எழுதிருவியா? ஊருல அம்புட்டுப் பேரும்தான் கேக்குறாங்க. சிரிக்கிற மூஞ்சிக்கு ஒரு டிக்கப் போட்டுட்டுப் போறதுதான தாயி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரில போயி கனகலட்சுமி அக்காவப் பாத்தேன்யா. என்னையத் திட்டும், நாலு அறை அறையும்னு போனேன். திட்டவே இல்ல. 'நீ படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் சொல்லியிருப்ப, என் நேரம்'னு சொல்லிட்டு எனக்கு ஆரஞ்சுப் பழத்த உரிச்சுக் குடுத்துச்சு. நான்தான் பிரிக்கச் சொன்னேன்னு கொத்தனார் யாருகிட்டயும் சொல்லல. நாலு மாசமா எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரிஞ்சது அந்த மூணு பேரோடயே இருக்கட்டும்."

"முடியலய்யா."

தர்மராஜ் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "மெஷின் பத்தின நாலு வரி, இராமேஸ்வரம், இது ரெண்டும் வேணாம்மா. மத்தது எது வேணும்னாலும் எழுது."

"மத்தது எதுவும் இல்ல சார்."

உக்கிரபாண்டி எழுந்தார். "ஏத்தா, நான் ஒந்தகப்பன். கையெடுத்துக் கும்பிடவா?"

"கும்பிடாதீக. கிழிச்சாலும் மறுபடியும் எழுதிக் குடுப்பேன்." அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டாள்.

தர்மராஜ் தலையைப் பிடித்துக்கொண்டார். தாளை எடுத்துவிடவும் முடியாது. ஐம்பத்தெட்டு என்று முதலிலேயே எண்ணிக்கை அனுப்பியாகிவிட்டது. யோசித்துவிட்டு அதைக் கட்டின் அடியில் வைத்து, மேலே ஐம்பத்தேழையும் அடுக்கி, நூலால் கட்டினார்.

"ஏதோ அஞ்சாறுதான் படிப்பாங்க. அடி வரைக்கும் வர மாட்டாங்க."

உக்கிரபாண்டி கட்டின் அடியைப் பார்த்தார். அடியிலா? இவ்வளவு படித்த மனுசன் அடியிலா வைப்பான்? வந்து கை வைக்கிறவன் முதலில் கை வைப்பதே அங்கேதானே?

சொல்ல வாயெடுப்பதற்குள் வராந்தாவில் யாரோ ஓடிவந்து, வேன் வந்துவிட்டது என்றார்கள். தர்மராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

அறையில் உக்கிரபாண்டியும் அந்தக் கட்டும்தான். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையில் கை வைத்தால் திருட்டு. அடுக்கு மாற்றுவது திருட்டில்லை, அது காலம் காலமாக நடப்பது. நூலை அவிழ்த்தார். அடியில் கிடந்த மகளின் தாளை உருவி, எல்லாவற்றுக்கும் மேலே, எவனும் தொடாத இடத்தில் வைத்தார். பிறகு, அவிழாமல் இருக்கட்டும் என்று, வத்தல் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

*

குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள். அந்த அம்மாள்தான் தலைவி போலிருந்தது. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பெற்றோர்களிடமும் பேச வேண்டும் என்று ஐந்தாறு பேரை ஒரு ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். உக்கிரபாண்டி முதல் வரிசையில் இருந்தார். கட்டு மேசைமேல் இருந்தது.

அந்த அம்மாள் நூலை இழுத்துப் பார்த்தாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"யாரு சார் இந்த முடிச்சைப் போட்டது? அவிழவே மாட்டேங்குதே."

தர்மராஜ் வந்து முயன்றார். கத்தரி தேடி ஒருவரை அனுப்பினார். தான் போட்ட முடிச்சு இதுவல்லவே என்று அவர் நெற்றி சுருங்கியது. நேரம் போகப்போகத்தான் எல்லோர் கண்ணும் அந்தக் கட்டின்மேல் விழுந்தது. உக்கிரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "கைய எடுங்கம்மா" என்று சொல்லி, ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார்.

"நன்றிங்க பெரியவரே" என்றாள் அந்த அம்மாள். என்றவள், மேலே இருந்த தாளைக் கையில் எடுத்தாள்.

"அது இல்லம்மா!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"ஏங்க?"

"மேல இருக்கறத யாராச்சும் எடுப்பாகளாம்மா? அடியில கைய விட்டு எடுங்க. எங்க மண்டியிலல்லாம் மேல உள்ளதத் தொடவே மாட்டாக. அது சும்மா காட்டுறதுக்கு வச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தர்மராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை தாளுக்குப் போய், அதன் எழுத்துக்குப் போய், உக்கிரபாண்டியின் விரல்களில் வந்து நின்றது.

"நீங்க சொல்றது நியாயம்தான்" என்றாள் அந்த அம்மாள். "ஆனா எங்களுக்கு நேரமில்லைங்க. இன்னும் ரெண்டு துறை பாக்கணும். மேலேருந்து அஞ்சு படிச்சிட்டுப் போயிடுவோம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள். உக்கிரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"இந்தப் பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள்.

முருகலட்சுமி வந்தாள். எத்தனை கட்டை வார்த்தீர்கள், எத்தனை உடைத்தீர்கள் என்று கேட்டார்கள். வார்த்தது ஆறு, உடைத்தது இல்லை என்றாள். அந்த ஆறும் எங்கே என்று கேட்டார்கள்.

"கதவு காத்துல அடிக்காம இருக்க ரெண்டு வச்சிருக்கோம் மேடம். மிச்சம் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. காயம்பட்டவரின் பேரை அந்த அம்மாள் மறுபடியும் கேட்டு, தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

*

மூன்று மணி நேரம் உக்கிரபாண்டி வேப்பமரத்தடியில் நின்றார். தானே தன் கையால் அவிழ்த்துக் கொடுத்ததை நினைக்க நினைக்க, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வாத்தியார் வைத்த இடத்திலேயே விட்டிருந்தால் தாள் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். நாற்பது வருடம் தெரிந்ததுதான் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டது. சரக்கு வாங்க வந்தவன் அடியில் எடுப்பான். இவர்கள் சரக்கு வாங்க வந்தவர்கள் இல்லை. அது அவருக்கு உறைக்க இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

வேன் கிளம்பிப் போனதும் தர்மராஜ் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. காலையில் பார்த்த முகமே இல்லை.

"பெரியவரே, வாயைத் திறங்க!"

"எதுக்கு?"

"தப்பிச்சோம்! தப்பிச்சதென்ன, தூக்கி விட்டுருக்காங்க. போற காலேஜ்லயெல்லாம் தேன் ஒழுக எழுதி வச்சிருக்காங்களாம். இங்கதான் பிள்ளைங்க பயமில்லாம உண்மைய எழுதுதாம். அந்த மாதிரி எழுத விட்டிருக்கோம்னு அதுக்கே தனி மார்க்கு. முன்மாதிரின்னு எழுதியிருக்காங்க. மத்த காலேஜுக்கு உங்க பொண்ணு தாளைக் காட்டப் போறாங்களாம், பேரை மட்டும் மறைச்சு."

உக்கிரபாண்டி லட்டை வாங்கவில்லை. "மெஷினு?"

"அது பரிந்துரையில வந்திருக்கு."

"அப்படின்னா?"

"சரி பண்ணணும்னு எழுதியிருக்காங்க."

"பண்ணிட்டாகளான்னு யாரு வந்து பாப்பா?"

"மூணு வருசம் கழிச்சு அடுத்த குழு வரும்."

"அதுக்குள்ள மூணு வருசத்துப் புள்ளைக வெளிய போயிருமே சார். அதுகளும் முட்டப் பிரிக்கச் சொல்லுமே."

தர்மராஜ் பெட்டியை மூடினார். "நான் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் பெரியவரே. இன்னைக்கு ராத்திரியாவது என்னையத் தூங்க விடுங்க."

"எம் புள்ள மார்க்கு?"

"ஒண்ணும் ஆகாது. ரெக்கார்டை மட்டும் புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பழசு இருந்தாத்தான் வம்பு."

"மெஷினே ஓடல. எந்த நம்பர எழுதுவா?"

தர்மராஜ் இனிப்புப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தார்.

முருகலட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். தகப்பனைப் பார்த்து எழுந்தாள்.

"அந்தம்மா கனகலட்சுமி அக்கா பேரக் கேட்டு நோட்டுல எழுதுனாகய்யா. பாத்தீகளா?"

"பாத்தேன்."

"ஏதாச்சும் செய்வாக. எழுதும்போது அவுக கை ஒரு நிமிசம் நின்னுச்சு, நான் பாத்தேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் ஞாயித்துக்கிழமை இராமேஸ்வரம் போறேன். நான்தான் பிரிக்கச் சொன்னேன்னு லாட்ஜ்காரர்ட்ட சொல்லப் போறேன். சார் சொன்ன மாதிரி ரெக்கார்டத் திருப்பி எழுத மாட்டேன்."

போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. காலையிலிருந்து தான் சொன்னதும் செய்ததும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்துக்கொண்டார். அவள் மணிக்கட்டில் அந்தக் கயிறு இன்னும் இருந்தது, சாயம் போய்.

"தனியாப் போகாத. நானும் வாரேன்" என்றார். "அந்தம்மா நோட்டப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசாத."

அவர் கேட்டை நோக்கித் திரும்பியபோது தர்மராஜ் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு தாள்.

"பெரியவரே, ஒரு நிமிசம். பெற்றோர் கருத்து. ரெண்டே வரி. இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதி ஒரு கையெழுத்து."

உக்கிரபாண்டி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலும் மூஞ்சிகள் வரைந்திருந்தார்கள்.

"இத எதுல போடுவீக? பெட்டியிலயா?"

"ஃபைல்ல போடுவோம்."

"பூட்டு உண்டுமா?"

தர்மராஜுக்கு விளங்கவில்லை. "பீரோவுல வச்சுப் பூட்டுவோம். பத்திரமா இருக்கும்."

"இருக்கும்" என்றார் உக்கிரபாண்டி.

தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்த அதே ஆள் பூந்தொட்டிகளைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான். மண்டியில் ஆறு மூட்டையும் அடித்தையல் பிரிந்தபடி கிடக்கும். வாவு முகம்மது இந்நேரம் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கியிருப்பார். அடியில் கையை விட்டாவது பார்க்கிற பாய் பரவாயில்லை என்று உக்கிரபாண்டி முதல் தடவையாக நினைத்தார். பின்னால் தர்மராஜ் ஏதோ கூப்பிட்டுச் சொன்னது கேட்டது. அவர் திரும்பவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, சுண்ணாம்புக் கோட்டை மிதித்து நடந்து போனார்.